லாரியின் கரிக் கணக்கும் கடன் கணக்கும்

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறுகிறது. ஒரு கனரக லாரி லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் கொடுக்கிறது, ஆண்டுக்கு 80,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு வண்டி வருடத்துக்கு 22,800 லிட்டருக்கு மேல் டீசல் குடிக்கும். 61 டன் கார்பன் டை ஆக்ஸைடைக் காற்றில் கலக்கும். இந்தியாவில் ஒருவரின் பெயரில் விழும் சராசரி உமிழ்வு ஆண்டுக்கு இரண்டு டன் அளவில்தான் இருக்கிறது. ஆக, ஒரு லாரி முப்பது பேருக்குச் சமம். இதே கணக்கைப் பணத்தில் போட்டுப் பார்க்கலாம். லிட்டர் 92 ரூபாய் என்றால் அந்த டீசலின் விலை 21 லட்சம் ரூபாய். கரியும் பணமும் இங்கே ஒன்றாகவே ஏறுகின்றன, ஒன்றாகவே இறங்குகின்றன. பத்தில் ஒரு பங்கு டீசல் மிச்சமானால் ஆறு டன் கரியும் குறையும், இரண்டு லட்சம் ரூபாயும் கையில் நிற்கும். இது லாரிக்காரருக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டிய விஷயம் இல்லை. அப்படியிருந்தும் ஏன் குறையவில்லை? அரசும் வாகன நிறுவனங்களும் இதற்கு விடையை இன்ஜினில் தேடிக்கொண்டிருக்கின்றன. கடன் பத்திரத்தையும் வாடகை ஒப்பந்தத்தையும் பிரித்துப் படித்தால்தான் விடை கிடைக்கும் என்று நான் கருதுகிறேன்.

பிரச்சினையின் அளவை முதலில் பார்த்துவிடலாம். நிதி ஆயோக்கும் ஆர்.எம்.ஐ. நிறுவனமும் சேர்ந்து 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாட்டில் உள்ள வாகனங்களில் லாரிகள் 3 சதவீதம்தான். ஆனால், வாகனங்கள் கக்கும் நுண்துகள்களில் 53 சதவீதம் அவற்றின் புகைப்போக்கியிலிருந்து வருகிறது. போக்குவரத்துத் துறையின் கார்பன் டை ஆக்ஸைடில் மூன்றில் ஒரு பங்கு சாலைச் சரக்கு வண்டிகளுடையது. உள்நாட்டுச் சரக்கில் 70 சதவீதத்தைச் சுமப்பவையும் இவையே. 2022-ல் 40 லட்சமாக இருந்த லாரிகளின் எண்ணிக்கை 2050-ல் ஒரு கோடியே 70 லட்சத்தைத் தொடும் என்கிறது அந்த அறிக்கை. கார்களையும் ஸ்கூட்டர்களையும் பற்றி நாம் பேசும் பேச்சில் பத்தில் ஒரு பங்குகூட லாரிகளைப் பற்றிப் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

‘அதுதான் பி.எஸ்.6 வந்துவிட்டதே’ என்று சொல்பவர்கள் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் விற்பனையாகும் வண்டிகளுக்கு அந்தப் புகை உமிழ்வு விதி பொருந்துகிறது. அதனால் நன்மையும் கிடைத்திருக்கிறது. கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி வந்தது. யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்ஸைடுகளை மட்டுப்படுத்தும் அமைப்பு வந்தது. சாலையோரக் கடைகளில் நீல நிற கேன்களில் விற்கும் ஆட்புளூ அதற்கானதுதான். இவை நுரையீரலைக் காப்பாற்றுகின்றன. ஆனால் கார்பன் டை ஆக்ஸைடை எந்த வடிகட்டியும் பிடிப்பதில்லை. எரித்த டீசலின் அளவுதான் அதன் அளவு. கண்ணுக்குத் தெரியும் கறுப்புப் புகை மறைந்ததும் பிரச்சினையும் மறைந்துவிட்டது என்று நினைப்பது ஆபத்தானது.

எரிக்கும் டீசலின் அளவுக்கு ஒரு விதி வகுக்க இந்தியா முயன்றதுண்டு. 12 டன்னும் அதற்கு மேலும் எடைகொண்ட வண்டிகளுக்கான எரிபொருள் சிக்கன வரம்பு 2017 ஆகஸ்ட்டில் அறிவிக்கப்பட்டது. முதல் கட்டம் 2018 ஏப்ரலிலும் இரண்டாம் கட்டம் 2021 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வரவேண்டும் என்று அறிவிக்கையில் இருந்தது. நடைமுறையோ தள்ளிக்கொண்டே போனது. சோதனை முறையும் பலவீனமானது. வண்டியை மணிக்கு 40, 60 கிலோமீட்டர் என்ற மாறாத வேகத்தில் ஓட்டி அளக்க வேண்டுமாம். தொப்பூர் கணவாயில் கியர் மாற்றி மாற்றி ஏறும் வண்டிக்கும், சுங்கச்சாவடிக்குச் சுங்கச்சாவடி நின்று கிளம்பும் வண்டிக்கும் அந்தச் சோதனை என்ன சொல்லும்? ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் தன் விதியை இறுக்கியது. அங்கே விற்பனையாகும் புதிய கனரக வண்டிகளின் சராசரி உமிழ்வு 2030-ல் 45 சதவீதமும், 2035-ல் 65 சதவீதமும், 2040-ல் 90 சதவீதமும் குறைந்தாக வேண்டும். அதே எண்களை நாம் நகலெடுக்க வேண்டியதில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளுக்கு முன்பே வண்டி தயாரிப்பாளருக்குத் திசையைச் சொல்லிவிடுகிற விதி நமக்கும் வேண்டும்.

இனி வண்டியை வாங்குபவரிடம் வருவோம். இந்தியாவில் லாரி உரிமையாளர்களில் பெரும்பான்மையினர் ஐந்து வண்டிக்கும் குறைவாக வைத்திருப்பவர்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரம் இதற்கு நல்ல உதாரணம். துறைமுகம் இல்லாத, மழை குறைந்த அந்த மேட்டு நிலம் நாடு முழுவதும் ஓடும் லாரிகளுக்கும் டேங்கர்களுக்கும் ரிக் வண்டிகளுக்கும் தாய்வீடானது. ஓட்டுநராக இருந்தவர் முதலாளியானார்; கிளீனராக இருந்தவர் ஓட்டுநரானார். இதைச் சாத்தியமாக்கியது கடன். வங்கிகள் ஏறெடுத்துப் பார்க்காத காலத்தில், பழைய லாரியை அடமானமாக ஏற்றுக் கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்கள் வந்தன. 1979-ல் சென்னையில் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் இந்தத் தொழிலில்தான் வளர்ந்தது. அந்தக் கடனுக்கு அடிப்படை ஒரே ஒரு நம்பிக்கை: தவணை தவறினாலும் வண்டியை இழுத்துவந்து நாலு காசுக்கு விற்கலாம். ஏழு வருடம் ஓடிய டீசல் லாரிக்கு என்ன விலை போகும் என்பது தரகர் முதல் மேலாளர்வரை எல்லோருக்கும் தெரியும். அந்த விலைதான் இத்தொழிலின் அஸ்திவாரம். டீசலை விட்டு விலகும் எந்த வண்டிக்கும் இந்த அஸ்திவாரம் இன்னும் இல்லை.

கடன் ஒரு பக்கம் என்றால் வாடகை மறுபக்கம். வண்டிக்காரர் நேரடியாக ஆலையிடம் பேசுவது அபூர்வம். டிரான்ஸ்போர்ட் கம்பெனி, லாரி ஆபீஸ், புரோக்கர் என்று இரண்டு மூன்று கை மாறித்தான் லோடு வருகிறது. போகும் லோடு கிடைத்துவிடும். ரிட்டன் லோடு கிடைப்பதுதான் பாடு. காத்திருந்து காத்திருந்து, அடிமாட்டு விலைக்கு ஒரு லோடை ஏற்றிக்கொண்டோ காலியாகவோ திரும்ப வேண்டும். இந்திய லாரிகள் காலியாக ஓடும் தூரம் கால்வாசிக்கு மேல் என்றும் 40 சதவீதம்வரை என்றும் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. குறைந்த மதிப்பீட்டையே எடுத்துக்கொண்டாலும், எந்தச் சரக்கையும் நகர்த்தாமல் எரியும் டீசல் அது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து மாநில எல்லைகளில் இருந்த வரிச் சோதனைச் சாவடிகள் போயின. 2021-ல் ஃபாஸ்டேக் கட்டாயமானது. இவற்றால் வண்டி வேகமாகப் போய்ச் சேர்கிறது. ஆனால் சேர்ந்த இடத்தில் ஆலை வாசலில் இறக்குவதற்காகக் காத்திருப்பதும், அடுத்த லோடுக்காகக் காத்திருப்பதும் பெரிதாக மாறவில்லை. காத்திருப்புக்கு யாரும் காசு கொடுக்காததால் ஆலைக்கும் அதைக் குறைக்கும் அவசரம் இல்லை. காலி ஓட்டம் முழுவதையும் ஒழிக்க முடியாது என்பதும் உண்மை. நாமக்கல்லின் சமையல் எரிவாயு டேங்கர் திரும்பும்போது வேறு எதையும் ஏற்ற முடியாது. ஆனால் சிமெண்ட்டும் அரிசியும் ஜவுளியும் ஏற்றும் திறந்த வண்டிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

டீசல் வண்டியிலேயே செய்யக்கூடிய சீர்திருத்தங்கள் நிறைய உண்டு. அவற்றைக் கடந்து நேராக பேட்டரிக்குத் தாவுவது தவறு. நம் லாரிகள் 40 முதல் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபவை. அந்த வேகத்தில் காற்றின் எதிர்ப்பைவிட டயரின் உருளல் எதிர்ப்புதான் அதிகம் டீசலைத் தின்னும். நைலான் டயருக்குப் பதில் ரேடியல் டயர், சரியான காற்றழுத்தம், வீல் அலைன்மென்ட் ஆகியவற்றுக்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. அடுத்தது பாடி. சேசிஸ் வாங்கி நாமக்கல் பட்டறையில் பாடி கட்டும் வழக்கம் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அந்தப் பட்டறைகளுக்கு உயர்வலிமை எஃகும் வடிவமைப்பு உதவியும் மலிவாகக் கிடைத்தால், பாடியில் குறையும் ஒவ்வொரு நூறு கிலோவும் வண்டி உடையும்வரை ஒவ்வொரு நடையிலும் பலன் தரும். அந்த எடைக்கு வாடகை தரும் சரக்கை ஏற்றலாம், அல்லது அவ்வளவு டீசல் மிச்சம். இதை வண்டிக்காரர் ஏன் தானாகச் செய்வதில்லை? ஒரு செட் டயரைச் சேர்ந்தாற்போல் மாற்றக் கையில் ரொக்கம் வேண்டும். அவர் கையில் வருவது டீசலும் தவணையும் டோலும் படியும் போக மீதி. இரண்டு வருடத்தில் திரும்பிவரும் முதலீடுகூட, அடுத்த மாதத் தவணை உறுதியில்லாதவருக்குத் தொலைவில் இருக்கும் லாபம்தான்.

இப்போது மின்சார லாரிக்கு வருவோம், ஏனெனில் இந்தச் சிக்கல் அங்கே பல மடங்காகிறது. 55 டன் இழுக்கும் மின்சார டிராக்டர்கள் இந்தியாவில் விற்பனைக்கு வந்துவிட்டன. சென்னை முருகப்பா குழுமத்தின் ரைனோ வண்டியில் 258 யூனிட் பேட்டரி. ஒரு சார்ஜில் ஓடுவது சுமார் 185 கிலோமீட்டர். அதாவது கிலோமீட்டருக்கு 1.4 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 14 ரூபாய். இதே பாரத்தை இழுக்கும் டீசல் டிராக்டர் லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கொடுத்தால் 31 ரூபாய். மிச்சம் 17 ரூபாய். வருடத்துக்கு 80,000 கிலோமீட்டர் ஓடினால் 13 லட்சத்து 60 ஆயிரம். வண்டியின் விலை டீசலைவிட இரண்டு மடங்குக்கு மேல். கூடுதல் விலை 70 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு சதவீத வட்டியில் கடன் பெறும் பெரிய நிறுவனத்துக்கு முதல் வருட வட்டி 5 லட்சத்து 60 ஆயிரம். எரிபொருள் மிச்சத்தில் எட்டு லட்சம் அசலுக்குப் போகிறது. நிதி நிறுவனத்திடம் 15 சதவீதத்துக்கு வாங்கும் இரண்டு வண்டி முதலாளிக்கு வட்டி மட்டுமே பத்தரை லட்சம். அசலுக்கு மிஞ்சுவது மூன்று லட்சம். அவருடைய வண்டி லோடுக்காகக் காத்துக் கிடந்து 50,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றால் மிச்சமே எட்டரை லட்சம். வட்டிக்கே இரண்டு லட்சம் துண்டு விழும். வண்டியும் பேட்டரியும் சாலையும் ஒன்றுதான். வட்டி விகிதமும் லோடு உறுதியும் மாறியதும் ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு ஜப்தி.

மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டம் இந்த இடத்தில்தான் குறைபடுகிறது. 10,900 கோடி ரூபாய்த் திட்டத்தில் மின்சார லாரிகளுக்கு 500 கோடி. 2025 ஜூலையில் வந்த வழிகாட்டுதலின்படி வண்டிக்கு அதிகபட்சம் 9 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் மானியம். குறி சுமார் 5,600 வண்டிகள். நாட்டில் ஓடும் லாரிகளில் ஆயிரத்துக்கு ஒன்றரைகூட இல்லை. தொடக்கம் என்ற அளவில் வரவேற்கிறேன். ஆனால் மானியம் விலையைச் சற்றுக் குறைக்கிறதே தவிர, கடன் கொடுப்பவரின் பயத்தைத் தொடவில்லை. பேட்டரிக்கு ஐந்து வருடம் அல்லது ஐந்து லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் தரவேண்டும் என்ற நிபந்தனை நல்லது. ஆறாவது வருடத்தில் அந்த வண்டி என்ன விலை போகும் என்பதற்கு அதில் பதில் இல்லை. அதே மத்திய அரசு 2024 செப்டம்பரில் மின்சாரப் பேருந்துகளுக்கு வேறு வழி கண்டது. போக்குவரத்துக் கழகங்கள் பணம் கட்டத் தவறினால் ஈடுகட்ட 3,435 கோடி ரூபாயில் ஓர் உத்தரவாத ஏற்பாடு. 38,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளுக்கு அது துணை நிற்கிறது. பேருந்துக்குப் புரிந்த பொருளாதாரம் லாரிக்குப் புரியாமல் போகக் காரணம் இல்லை. சிறு, குறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதி 2000-ஆம் ஆண்டு முதல் நம்மிடம் இருக்கிறது. அதைப்போல மின்சார லாரிக் கடனில் முதல் இழப்பை அரசு ஏற்றுக்கொண்டால், அதே 500 கோடி பல மடங்கு வண்டிகளைச் சாலைக்குக் கொண்டுவரும்.

வலுவான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. மின்வாகன ஆதரவாளர்கள் அதைச் சுலபமாகக் கடந்துபோகிறார்கள். நம் மின்சாரம் நிலக்கரி மின்சாரம். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக சுமார் 0.73 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. 1.4 யூனிட்டுக்கு ஒரு கிலோவைத் தாண்டிவிடுகிறது. டீசல் டிராக்டரின் புகைப்போக்கியில் வருவது 0.89 கிலோ. கச்சா எண்ணெயை எடுத்து, சுத்திகரித்து, பங்க்வரை கொண்டுவருவதில் ஏற்படும் உமிழ்வையும் சேர்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். அதாவது, சராசரி மின்சாரத்தில் ஓடும் 55 டன் மின்சார லாரியால் இன்றைய தேதியில் பருவநிலைக்குப் பெரிய லாபம் எதுவும் இல்லை. இதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். ஆனால் டீசல் லாரி வாங்கிய அன்று கக்கும் கரியைத்தான் பதினைந்தாவது வருடத்திலும் கக்கும். மின்சார லாரியின் கரி, மின்தொகுப்பு மாற மாறக் குறையும். 2025-ல் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு போன்ற படிம எரிபொருள் சாராததாகிவிட்டது. உற்பத்தியாகும் யூனிட்டுகளில் அதன் பங்கு இன்னும் கால்வாசி அளவில் இருந்தாலும் திசை தெளிவானது.

அதைவிட முக்கியம், எந்த நேரத்தில் சார்ஜ் செய்கிறோம் என்பது. 2023-ல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் விதிகள், சூரிய மின்சாரம் கிடைக்கும் பகல் நேரத்தில் கட்டணம் குறைவாக இருக்க வேண்டும் என்கின்றன. நம் பெருநகரங்களோ பகலில் கனரக லாரிகளை உள்ளே விடுவதில்லை. சென்னைக்கு வெளியே, வண்டிகள் ‘நோ என்ட்ரி’ நேரம் முடியும்வரை ஓரங்கட்டி நிற்கின்றன. வெயில் மின்சாரம் மலிவாக, மிகுதியாகக் கிடைக்கும் நேரமும் லாரி சும்மா நிற்கும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாக வருகின்றன. ஓட்டுநருக்குக் கழிப்பறைகூட இல்லாத அந்த நிறுத்துமிடங்களை சார்ஜிங் வசதியும் ஓய்வறையும் கொண்ட முனையங்களாக மாற்றினால், கரியும் குறையும், ஓட்டுநரும் மனிதராக நடத்தப்படுவார். இதற்கு ஏன் இன்னும் யாரும் முனையவில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

‘பேட்டரியின் எடை லோடைத் தின்றுவிடுமே’ என்பது இன்னொரு கேள்வி. உண்மைதான், இந்த அளவு பேட்டரி ஏறக்குறைய இரண்டு டன் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் உமிழ்வில்லா லாரிகளுக்கு இரண்டு டன் கூடுதல் எடையை அனுமதித்து இதைச் சரிக்கட்டியது. 2018-ல் எல்லா லாரிகளின் அச்சுப் பாரத்தையும் ஒரேயடியாக உயர்த்திய நம் அரசால் இதையும் செய்ய முடியும். ‘185 கிலோமீட்டரில் டெல்லி போக முடியுமா’ என்றால், முடியாது, போகவும் வேண்டாம். எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் போகும் கன்டெய்னர்களுக்கு அந்தத் தூரம் தாராளம். ஏறக்குறைய 350 கிலோமீட்டர் உள்ள சென்னை - பெங்களூரு சாலைக்கு வழியில் ஓரிடத்தில் சார்ஜ் போதும். சீனாவில் 2025-ன் முதல் பாதியில் விற்பனையான புதிய கனரக லாரிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று மின்சார லாரி. துறைமுகம், சுரங்கம், எஃகு ஆலை என்று தூரம் குறைந்த, திரும்பத் திரும்ப ஒரே பாதையில் ஓடும் இடங்களில்தான் அங்கும் தொடங்கினார்கள்.

எல்.என்.ஜி. லாரியும் ஹைட்ரஜன் லாரியும் இருக்கின்றனவே என்பார்கள். எல்.என்.ஜி.யில் புகைத்துகள் குறைவு. ஆனால் அதுவும் படிம எரிபொருள், மீத்தேன் கசிந்தால் கிடைத்த சிறு லாபமும் போய்விடும். ஹைட்ரஜன் நெடுந்தூரத்துக்கு ஒருநாள் உதவலாம். சோதனை ஓட்டங்கள் நடக்கின்றன, நடக்கட்டும். அதன் விலை இறங்கும்வரை மற்ற வேலைகளை நிறுத்திவைக்கக் கூடாது. ரயில் விஷயம் வேறு. நெடுந்தூரச் சரக்குக்கு ரயிலை மிஞ்ச எதுவும் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டுச் சரக்கில் பெரும்பங்கைச் சுமந்த ரயிலின் கையில் இன்று மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. லூதியானாவிலிருந்தும் நவி மும்பைத் துறைமுகத்திலிருந்தும் தனிச் சரக்குப் பாதைகள் போட்டார்கள். தெற்கே ஒன்றும் வரவில்லை. அது வந்தாலும் ஆலையிலிருந்து நிலையத்துக்கும் நிலையத்திலிருந்து கிடங்குக்கும் லாரி வேண்டும். அந்த ஓட்டம் குறுகியது, மின்சாரத்துக்கு ஏற்றது.

‘வளர்ந்த நாடுகள் கக்கிய கரிக்கு நம் லாரிக்காரர் ஏன் விலை கொடுக்க வேண்டும்’ என்ற கேள்வியின் நியாயத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். அவர் விலை கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை கணக்கும். கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு இது. ஹோர்முஸ் நீரிணையில் ஒரு பதற்றம் வந்தால் சங்ககிரியில் தவணை தவறும். டீசலிலிருந்து விலகுவது அவருக்கும் நல்லது, ஆனால் அந்த இடமாற்றத்தின் சுமையைச் சரக்கின் சொந்தக்காரர் ஏற்க வேண்டும். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் ஆயிரம் நிறுவனங்கள் செபியின் விதிப்படி தங்கள் சுற்றுச்சூழல் கணக்கை வெளியிடுகின்றன. வாடகை லாரி கக்கும் கரி அவர்களுடைய சரக்கின் கரி. அதைக் குறைக்க அவர்கள் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய உதவி ஒரு தாள்: ஐந்தாண்டு ஒப்பந்தம், மாதம் இத்தனை கிலோமீட்டர் உறுதி, டீசல் விலையோடு ஊசலாடாத வாடகை, காத்திருந்தால் மணிக்கு இவ்வளவு. அந்தத் தாளைக் கையில் வைத்திருக்கும் இரண்டு வண்டி முதலாளிக்கு எந்த நிதி நிறுவனமும் 15 சதவீத வட்டி கேட்காது.

இதைத் தொடங்க அரசு மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அரசே பெரிய சரக்குக்காரர். அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கும் இடையே டிப்பர் லாரிகள் ஊர்ச் சாலைகளில் நாள் முழுவதும் ஓடுகின்றன. குறைந்த தூரம், மாறாத பாதை, உறுதியான லோடு. அங்குள்ள ஆலைகளில் ஒன்று தமிழ்நாடு அரசின் டான்செம் நிறுவனத்துடையது. அதன் அடுத்த சரக்குப் போக்குவரத்து டெண்டரில் மேலே சொன்ன நான்கு நிபந்தனைகளையும், ஐந்து வண்டிக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கென ஒரு பங்கையும் எழுதிச் சேர்க்க எந்தப் புதுத் தொழில்நுட்பமும் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.